தொடாதே என்று சொல்லி வந்தவள்

மொம்பாசா சாலையில் இருக்கும் வோய் ஊரில், எந்தக் கல்லூரியில் எந்தப் படிப்பு வேண்டும் என்று விருப்பப் பட்டியல் போட வேண்டுமென்றால் முஷாயின் கடைக்குத்தான் போவார்கள். பேருந்து நிலையத்துக்குப் பின்னால், தையல்காரருக்குப் பக்கத்தில், இரண்டு கம்ப்யூட்டரும் ஒரு ஜெராக்ஸ் மெஷினும் வைத்திருக்கிறாள். இதைவிட நல்ல கடைகள் மூன்று இருக்கின்றன. ஆனால் பரீட்சை முடிவு வந்த மறுநாள் கூட்டம் இவள் வாசலில்தான் நிற்கும். காரணம் அவள் வாய். "இந்த மார்க்குக்கு டாக்டரா? ஸ்டெதஸ்கோப் ஆசைன்னா கடையில வாங்கி மாட்டிக்கோ" என்று முகத்துக்கு நேராகச் சொல்லிவிடுவாள். திட்டு வாங்கிய அப்பாக்கள் அடுத்த பிள்ளையையும் அவளிடமே அழைத்து வருவார்கள்.

பட்டியலில் ஆறு இடம். முதல் மூன்றிலும் ஒரே படிப்பு, வேறு வேறு கல்லூரி. மிச்சம் மூன்றில் எது வேண்டுமானாலும் போடலாம். பேராசைப்பட்டு முதல் மூன்றையும் கோட்டை விட்டால், நாலாவதற்கு இறங்கி வருவதற்குள் அதை முதலில் கேட்டவர்கள் எல்லா இடத்தையும் அள்ளிக்கொண்டு போயிருப்பார்கள். முஷாய் இதைப் படித்துத் தெரிந்துகொள்ளவில்லை, பட்டுத் தெரிந்துகொண்டாள். அவள் காலத்தில் காகிதப் படிவம். ஆசிரியர் பயிற்சிக்குப் போதுமான மார்க்கை வைத்துக்கொண்டு சட்டப் படிப்பைக் கேட்டாள். ஒன்றுமே வரவில்லை. அதனால்தான் இந்தக் கடை.

அவளுடைய சட்டம் ஒன்றே ஒன்று: பட்டியலை அனுப்பிய பிறகு தொடாதே. மாற்றப் போனால் கல்லூரிச் சேர்க்கை இணையதளம் பழைய பட்டியலை முதலில் அழித்துவிட்டுத்தான் புதியதை எழுத விடும். நடுவில் லைன் போனால் இரண்டும் போச்சு. வருகிறவர்களிடமெல்லாம் பன்னிரண்டு வருடமாக இதைச் சொல்லித் தொண்டை வறண்டுவிட்டது.

இந்த வருடம் அவள் மகள் வகேஷோவின் முறை. பள்ளியில் நல்ல பெண், கோயில் பாட்டுக் குழுவில் முதல் வரிசை. முஷாய் முதல் மூன்று இடத்திலும் ஆசிரியர் படிப்பைப் போட்டாள். நிச்சயம் கிடைக்கும். "என்ன, அனுப்பட்டுமா?" என்று கேட்டாள். வகேஷோ திரையைப் பார்த்துவிட்டு, "சரிம்மா" என்றாள். அவ்வளவுதான்.

கடைசி நாள் வந்தது. ஐந்து மணிக்கு இணையதளத்தை மூடிவிடுவார்கள். நாலு மணிக்கு மோட்டார் சைக்கிள் டாக்சி ஓட்டும் கிலேலு, ஹெல்மெட்டைக் கூடக் கழற்றாமல் உள்ளே வந்தான்.

"வகேஷோ அம்மா, ஒரே ஒரு மாத்தம். பையனுக்கு விவசாயம் வேணாம், கணக்கியல் போடு."

"தொடாதேன்னு சொன்னேனா இல்லையா?"

"மொம்பாசாவுலேருந்து மச்சான் போன் பண்ணினான். விவசாயம் படிச்சா மண்ணுதான் மிஞ்சும்ங்கறான்."

"உன் மச்சானா காலேஜுக்குப் போறான்?"

திட்டிக்கொண்டேதான் உட்கார்ந்தாள். வாடிக்கைக்காரன், விட முடியுமா? அன்று நாடே கடைசி நாளில் விழித்துக்கொண்டு அந்தத் தளத்தின் மேல் விழுந்திருந்தது. ஒவ்வொரு பக்கமும் திறப்பதற்குள் ஒரு டீ குடித்துவிடலாம். அந்த இடைவெளியில் கிலேலுவின் வாய் சும்மா இருக்கவில்லை.

"உன் பொண்ணுக்கு நர்ஸிங்தானே போட்டே? பாட்டுக் குழுவுல ஒருத்தர் பாக்கியில்லாம சொல்லி வச்சிருக்காளாம். என் பையன் சொன்னான்."

முஷாயின் விரல் நின்றது. "டீச்சர் படிப்பு போட்டிருக்கேன்."

"அவ கேட்டாளா?"

"சரின்னு சொன்னா."

"அது சரி. உன்கிட்ட வேற என்னத்தச் சொல்ல முடியும்? எனக்கே பயமா இருக்கு" என்று சிரித்தான்.

அவனுக்கு அது விளையாட்டுப் பேச்சு. அவளுக்கு அப்படி இல்லை. அவன் மகனின் பட்டியல் பச்சை எழுத்தில் வந்து நின்றபோது மணி நாலு முப்பத்தைந்து. அவனை அனுப்பிவிட்டு மகளுக்குப் போன் செய்தாள். வகேஷோ ஓட்டமும் நடையுமாக வந்து சேர்ந்தபோது நாலு நாற்பத்தைந்து.

"நர்ஸிங்தான் வேணுமா உனக்கு?"

பெண் வாசலைப் பார்த்தாள், மெஷினைப் பார்த்தாள். "நீங்கதான் போட்டுட்டீங்களேம்மா."

"கேக்கறதுக்குப் பதில் சொல்லு."

"வேணும்." குரல் எழும்பவேயில்லை. "ஆனா கிடைக்கலைன்னா?"

போன வருடம் நர்ஸிங்கில் கடைசியாக இடம் கிடைத்த மார்க்குக்கு ஒன்றரைப் புள்ளி கீழே நிற்கிறாள் வகேஷோ. வேறு யாருடைய பெண்ணாக இருந்தாலும் முஷாய் இந்நேரம் கிண்டல் பண்ணி அனுப்பியிருப்பாள். சொந்த மகளிடம் வாய் வரவில்லை. வேண்டும் என்று சொல்லக்கூடப் பயப்படும்படி இவளை வளர்த்தோமே என்ற நினைப்பு ஒரு பக்கம், தன் கதை இவளுக்கும் வந்துவிடக்கூடாதே என்ற பயம் மறுபக்கம். கேட்டுச் சொல்ல ஓர் ஆள் இல்லை. ஊரே கேட்கும் ஆள் அவள்தான்.

"கிடைக்கலைன்னா நாலாவதுல டீச்சர் இருக்கும். போடறேன்" என்றாள்.

"இப்பவா? நீங்கதானேம்மா தொடக்கூடாதுன்னு..."

"பேசாம இரு."

நாலு ஐம்பதுக்கு 'மாற்று' என்ற பொத்தானை அழுத்தினாள். பழைய பட்டியல் அழிக்கப்படும், சம்மதமா என்று கேட்டது. எத்தனை பேரிடம் இந்த இடத்தில் எழுந்து போகச் சொல்லியிருக்கிறாள்! சம்மதம் என்று அழுத்தினாள். ஆறு வரிகளும் வெறுமையாயின. முதல் கல்லூரியைத் தட்டினாள், இரண்டாவதைத் தட்டினாள். அவசரத்தில் கல்லூரியின் குறியீட்டு எண் தவறியது. வகேஷோ பின்னாலிருந்து எண்களை ஒவ்வொன்றாக வாசித்தாள். ஆறும் முடிந்தபோது நாலு ஐம்பத்தேழு. 'அனுப்பு' என்பதை அழுத்தினாள்.

திரையில் சின்ன வட்டம் சுற்றத் தொடங்கியது.

சுற்றியது. நாலு ஐம்பத்தெட்டு. மறுபடி அழுத்தினால் முதலில் இருந்து ஆரம்பிக்கும். அழுத்தாவிட்டால் இப்படியே சுற்றும். முஷாய் மவுஸில் வைத்த விரலை எடுக்கவில்லை. வகேஷோ அவள் தோளைப் பிடித்துக்கொண்டு உதட்டுக்குள் ஜெபம் பண்ணினாள். ஐம்பத்தொன்பது. வெளியே மொம்பாசா லாரி ஒன்று ஹாரன் அடித்துக்கொண்டே போனது. வட்டம் நின்றது. விண்ணப்பக் காலம் முடிந்துவிட்டது, நன்றி என்று எழுத்து வந்தது.

திரும்ப உள்ளே நுழைந்து பார்த்தாள். ஆறு வரிகளும் வெறுமையாக இருந்தன. நர்ஸிங்கும் இல்லை, டீச்சரும் இல்லை. இனி மிச்ச இடங்களுக்கு நடக்கும் இரண்டாம் சுற்றுதான். அதில் மிஞ்சுவது என்ன என்று அவளுக்குத் தெரியாதா? யாரும் கேட்காத படிப்பு, யாரும் போகாத ஊர்.

கிலேலு திரும்பி வந்து வாசலில் வண்டியை நிறுத்தி ஒரு காகிதப் பொட்டலத்தை நீட்டினான். உள்ளே எண்ணெயில் பொரித்த மண்டாசி அப்பம், சூடாக. "காப்பாத்திட்டே வகேஷோ அம்மா. பையன் குதிக்கிறான்." வகேஷோதான் வாங்கிக்கொண்டாள், நன்றி சொன்னாள், அவன் போகும்வரை சிரித்த முகமாக நின்றாள். பிறகு உள்ளே வந்து இரண்டாவது கம்ப்யூட்டரை அணைத்தாள்.

"ரெண்டாம் சுத்துல பாத்துக்கலாம்" என்றாள் முஷாய். தன் குரலே தனக்கு அந்நியமாக இருந்தது.

"சரிம்மா."

"அப்படிச் சொல்லாதடி." முஷாய்க்கு அழுகை வந்துவிட்டது. "ஒரு தடவையாவது என்னைத் திட்டு."

வகேஷோ பொட்டலத்தைப் பிரித்து ஒரு மண்டாசியை எடுத்து அம்மாவின் கையில் வைத்தாள். "ஆறிடும்மா, சாப்பிடுங்க" என்றாள்.