கிணற்றுக்குக் கீழே கடல்

கரவெட்டியில் வெங்காயம் நட்டே பிள்ளைகளை ஆளாக்கியவர்கள் செல்வமலரும் கணவர் பரமலிங்கமும். இம்முறை மழை பொய்க்கவே, அவர் கிணற்றின் அடிப்பாறையை இன்னும் ஆழமாக உடைப்பித்தார்.

“வேண்டாமப்பா, நல்ல தண்ணிக்குக் கீழை கடல் கிடக்கு. ஆழமாத் தோண்டினால் உப்பு ஏறிடும்,” என்றாள் செல்வமலர்.

“கிணறு எங்கடை. உமக்கேன் கடலின்ரை கவலை?”

ஊற்று பீறிட்டது. கொஞ்ச நாள் தண்ணீர் இறைக்கும் மிசினைப் பூட்டிச் சிரித்துக்கொண்டே இறைத்தார். பிறகு வெங்காயத் தாள்கள் நுனியிலிருந்து கருகின. செல்வமலர் வாய்க்கால் தண்ணீரைத் தொட்டு நாக்கில் வைத்தாள். உப்பு.

“மிசினை நிப்பாட்டுங்கோ!”

“நிப்பாட்டினால் பயிர் காய்ஞ்சு சாகுமப்பா.”

“இறைச்சாலும் சாகுதே!”

அவர் மிசினருகே குந்திவிட்டார். பக்கத்துக் காணி இந்திராணி குடத்தோடு வந்தாள்.

“அக்கா, கொஞ்ச நாளா எங்கடை கிணறு உப்புக் கரிக்குது. உங்கடையிலை ஒரு குடம் அள்ளட்டே?”

செல்வமலர் போய் மிசினை நிறுத்தினாள். பரமலிங்கம் தடுக்கவில்லை. பாத்திகளில் வெயில் ஏறிக்கொண்டிருந்தது.