தெரிந்தவர் ஒருவரின் அம்மா

பஞ்சு நெற்றியில் பட்டதும் நிபுணர்கள் கண்ணை மூடிக்கொள்வார்கள். கூடவே குரலும் இறங்கிவிடும். தொலைக்காட்சி நிலையத்தின் ஒப்பனை அறையில் இத்தனை வருடங்களாக முகம் பூசிவிடும் அவள் கவனித்து வந்தது இது. குடும்பம், கல்வி, காதல், கைப்பேசி என்று மாலை விவாதத்துக்கு எந்தத் தலைப்பு வைத்தாலும் அதற்கென்று ஒரு நிபுணர் வந்து நாற்காலியில் உட்காருவார். கண் மூடியிருக்கும் கொஞ்ச நேரம் மட்டும் மூட்டுவலி, மருமகள், வண்டி நிறுத்த இடம் கிடைக்காதது என்று நம்மைப்போலப் பேசுவார். கண்ணைத் திறந்து கண்ணாடியைப் பார்த்தால் மறுபடி நிபுணர்.

நிலையத்தில் அவளுக்குப் பவுடர் அக்கா என்று பெயர். வாயைத் திறந்தால் முத்து உதிர்ந்துவிடும் என்பதுபோல இருப்பாள். ஆனால் அன்று கேட்டே தீரவேண்டியிருந்தது. அறுபதைத் தாண்டிய அவளுடைய அம்மா, அப்பா போய்ப் பல வருடங்களுக்குப் பிறகு, மறுபடி கல்யாணம் செய்துகொள்ளப் போகிறாள். மாப்பிள்ளை, மூக்குக்கண்ணாடிக் கடைக்காரர். "வெள்ளிக்கிழமை பதிவு. நீ வந்து சாட்சிக் கையெழுத்துப் போடணும்" என்று கடையில் காய் வாங்கிவரச் சொல்வதுபோலச் சொல்லிவிட்டாள். தம்பியோ போனில், "நீ மட்டும் கையெழுத்துப் போட்டே, எனக்கு அக்காவே இல்லைன்னு நெனச்சுக்குவேன்" என்றான். போடுவதா, வேண்டாமா? அவளுக்குத் தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை.

அன்றைய தலைப்பு முதுமையும் தனிமையும். முதலில் மனநல மருத்துவர் வந்தார். பஞ்சு பட்டது, கண்ணை மூடினார்.

"டாக்டர், எனக்குத் தெரிஞ்ச ஒருத்தங்களோட அம்மா..." என்று ஆரம்பித்து, மூக்குக்கண்ணாடிக் கடைவரை சொல்லி முடித்துவிட்டாள்.

"அது அந்தம்மா இஷ்டம்மா. பிள்ளைங்க என்ன நீதிபதியா? பேசாம போய்க் கையெழுத்துப் போடச் சொல்லுங்க" என்றார் அவர். "மூக்கு ரொம்ப மின்னுதோ?"

அடுத்து சமூகவியல் பேராசிரியை. அவரிடமும் அதே தெரிந்தவர், அதே அம்மா.

"ஐயோ, அவசரமே வேண்டாம்னு சொல்லுங்க. என் பெரியம்மா இப்படித்தான் பண்ணாங்க. வீடே ரெண்டாப் போச்சு. இன்னிக்கும் ஒருத்தர் மூஞ்சில ஒருத்தர் முழிக்கிறதில்லை" என்றார் பேராசிரியை.

ஒருவர் போடு என்கிறார், ஒருவர் போடாதே என்கிறார். சரி, நேரலையில் பேசித் தீர்த்துக்கொள்வார்கள் என்று சுவரிலிருந்த சின்னத் திரையைப் பார்த்தபடி நின்றாள்.

"முதுமையில் எடுக்கும் முடிவுகளுக்குப் பின்னால் பயம் ஒளிந்திருக்கும். பிள்ளைகள் பொறுமையாக ஆராய வேண்டும்" என்றார் மருத்துவர்.

"கூடவே கூடாது! பெற்றவர்களுடைய உரிமையைப் பிள்ளைகள் கையில் கொடுப்பதா?" என்று பொங்கினார் பேராசிரியை.

இருவரும் இடம் மாறிவிட்டார்களே! பவுடரில்தான் ஏதாவது கோளாறோ என்று டப்பாவைத் திருப்பிப் பார்த்தாள். அதற்குள் பேராசிரியை தொடர்ந்தார்.

"இப்பத்தான், இதே கட்டடத்துல ஒரு பெண்மணி எங்கிட்ட கேட்டாங்க. தெரிஞ்சவங்களோட அம்மாவுக்குக் கல்யாணமாம். மாப்பிள்ளை மூக்குக்கண்ணாடிக் கடை வச்சிருக்காராம்."

தொகுப்பாளர் சிரித்தார். இங்கே அவள் டப்பாவைப் பட்டென்று மூடினாள். மகள் பூசிவிட்ட முகங்களைப் பார்ப்பதற்காகவே அம்மா அந்த நிகழ்ச்சியை ஒருநாளும் தவறவிடுவதில்லை.

வீட்டுக்குள் நுழையும்போது தொலைக்காட்சி அணைந்திருந்தது.

"வாடி, தெரிஞ்சவளே" என்றாள் அம்மா.

"பேரெல்லாம் சொல்லலைம்மா."

"கடையையே சொல்லியாச்சு, இன்னும் கதவு நம்பர்தான் பாக்கி. அந்தப் பொம்பளை கன்னத்துல பவுடர் திட்டுத்திட்டா இருந்துச்சே, கேள்வி கேக்குற அவசரமா?"

அவள் தலையைக் குனிந்துகொண்டாள்.

"படிச்சவங்க ரெண்டு பேரைக் கேட்டே. என்னை ஒரு வார்த்தை கேட்டியா?"

"என்னன்னும்மா கேக்குறது?"

"ஏன்னு கேளேன்."

"சரி, ஏம்மா?"



"சொல்லத் தெரியலைடி. அந்த மனுஷன்கூட நல்லா சண்டை போடலாம்னு தோணுது. அதெல்லாம் ஒரு காரணமான்னு நீ கேட்டா, எனக்கும் குழப்பமாத்தான் இருக்கு."

"அதான் என்கூட தினமும் போடுறியே."

"நீ எங்கடி திருப்பிப் பேசுறே?"

தெளிவு பிறந்ததா என்றால், இல்லை. சேர்ந்து குழம்ப ஓர் ஆள் கிடைத்தது, அவ்வளவுதான்.

வெள்ளிக்கிழமை பதிவு அலுவலகத்தில் பேனாவை வாங்கியபோது தம்பியின் முகம் வந்து நின்றது. கை நகரவில்லை.

"என்னம்மா, பேரு மறந்துபோச்சா?" என்றார் எழுத்தர்.

"அவ எதையும் நிதானமாத்தான் செய்வா சார்" என்று அம்மா பதில் சொன்னாள்; ஆனால் மகளின் முகத்தைப் பார்க்காமல் சொன்னாள். மகள் போடாமல் போய்விடுவாளோ என்ற அந்தப் பயத்தைப் பார்த்துத்தான் அவள் கையெழுத்துப் போட்டாள்.

அம்மா இப்போது கண்ணாடிக் கடைக்கு மேலே, மாடியில் அவரோடு இருக்கிறாள். சண்டைக்குக் குறைவில்லை என்று கேள்வி. அவரை என்ன முறை சொல்லிக் கூப்பிடுவது என்று பவுடர் அக்காவுக்குத் தெரியவில்லை. எதிரே போய் நின்று, அவராக நிமிர்ந்து பார்த்த பிறகு பேசுகிறாள். தம்பி அவளோடு பேசுவதில்லை. செய்தது சரிதானா என்பது அவளுக்கு இன்றும் தெரியாது.