டின்னில் விழுந்த கொட்டைகள்

எங்கள் கிள்ளான் வீட்டில் ஆணி போட்டுவைக்க ஒரு பழைய பால் டின் இருக்கிறது. மேல்தாள் கிழிந்து, விளிம்பெல்லாம் துருவேறி, ஓட்டை விழ வேண்டியதுதான் பாக்கி. தூக்கி எறியும்படி மனைவி பல தடவை சொல்லிவிட்டாள். எறிய மாட்டேன். அதில் ஓர் ஆணியைப் போட்டால் 'டிங்' என்று ஒரு சத்தம் வரும். இங்கே வருமுன் குடியிருந்த பிரிக்பீல்ட்ஸில் நான் மாட்டுவண்டி ஓட்டிய காலத்தில் அதுதான் என் சம்பளத்தின் சத்தம்.

சூளைகளிலிருந்து செங்கல் ஏற்றிப் போகும் ஆறு வண்டிகள் அப்போது ஒரு விதவை அம்மாவுக்குச் சொந்தம். முதலாளியம்மா என்போம். அவருக்கு எழுதப் படிக்கத் தெரியாது. கணக்கு எழுதிய கணவர் இறந்த பிறகு ஒரு கணக்கப்பிள்ளையை வைத்துப் பார்த்தார். அவன் முழி பிடிக்காமல் ஒரே மாதத்தில் அனுப்பிவிட்டார். அதன் பிறகு எங்களுக்குப் புளியங்கொட்டைதான் கணக்கு. ஒரு நடை செங்கலை இறக்கிவிட்டு வண்டி வாசலுக்குத் திரும்பினால், இடுப்பிலிருக்கும் சுருக்குப்பையிலிருந்து ஒரு கொட்டை எடுத்துக் கொடுப்பார். அதை வீட்டில் இந்த டின்னில் போட்டுச் சேர்த்துவைத்து மாதக் கடைசியில் கொண்டுபோய்க் கொட்டினால், எண்ணிப் பார்த்துக் கூலி கொடுப்பார். புளியங்கொட்டை இல்லாத தமிழ் வீடு எங்கே இருக்கிறது? திருட நினைத்தால் சமையலறைவரை போய்வந்தால் போதும். ஆனால் ஒருவரும் அப்படிச் செய்ததில்லை. அதில் எங்கள் ஆறு பேருக்கும் கொஞ்சம் கர்வம்கூட உண்டு.

பிறகு கிள்ளானில் ஓர் அரிசிக் கிட்டங்கியில் எனக்கு மாதச் சம்பளமும் குடியிருக்க ஓர் அறையும் கிடைத்தன. கடைசியாக டின்னைக் கொட்டியபோது வழக்கத்தைவிடக் கூடுதலாகவே கூலி வந்தது. "போறப்பவும் நல்லா உழைச்சிட்டுப் போறப்பா" என்றார் முதலாளியம்மா. நானும் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டேன். அந்த மாதம் மழையில் மூன்று நாள் வண்டியே கட்டவில்லை என்பது அப்போது நினைவுக்கு வரவில்லை. காசு கூடுதலாகக் கைக்கு வரும்போது மனுஷனுக்கு ஞாபகம் கொஞ்சம் மங்கத்தான் செய்கிறது.

எட்டு மாதம் கழித்து ஒரு மத்தியானம், மனைவி புளியை அரிந்து கொட்டை எடுத்துக்கொண்டிருந்தாள். ஐந்து வயது மகள் ஒரு கைப்பிடி அள்ளிக்கொண்டு என்னிடம் வந்தாள்.

"டின் எங்கப்பா? இதப் போடணும்."

"அதுல எதுக்கும்மா?"

"பழைய வீட்டுல போடுவேன்ல. நீங்க டின்ன ஆட்டிப் பாத்துட்டு சிரிப்பீங்களே!"

எத்தனை போட்டாய் என்றால் "நிறைய" என்கிறாள். இரண்டு கை விரலையும் விரித்துக் காட்டினாள். பிறகு எனக்கு அது போதாது என்று நினைத்தாளோ என்னவோ, இன்னொரு முறையும் விரித்தாள். அந்தக் கடைசி மாதக் கூலி ஏன் கூடியது என்று புரிந்ததும், முதலாளியம்மாவிடம் போய்ச் சொல்லிவிடவா என்று மனைவியைக் கேட்டேன்.

"எட்டு மாசம் ஆச்சு. இப்பப் போய்ச் சொன்னா, திருடிட்டுப் புள்ள மேல பழியப் போடுறதா நினைப்பாங்க" என்றாள் மனைவி. என் பயமும் அதேதான். அதை அவள் வாயால் கேட்டதும் எரிச்சலாக வந்தது. அடுத்த இரண்டு வாரம் நான் நானாக இல்லை. கிட்டங்கியில் மூட்டை எண்ணும்போது நடுவில் எண்ணிக்கை தப்பி முதலிலிருந்து தொடங்குவேன். சாப்பிட உட்கார்ந்தால் புளிக்குழம்பு. முகம் காட்டாமல் தபாலில் அனுப்பிவிடலாமா என்று பார்த்தால், எவ்வளவு அனுப்புவது? கடைசியில் பத்துக்கும் இருபதுக்கும் நடுவாக, பதினைந்து நடைக் கூலியை வேட்டியில் முடிந்துகொண்டு, ஒரு நாள் லீவு சொல்லிவிட்டு ரயில் ஏறினேன். உட்கார இடமிருந்தும் வழி முழுக்கக் கதவோரம் நின்றபடியே போனேன்.

எனக்கு முன்னால் ஒரு வண்டி வாசலுக்குள் நுழைந்தது. ஓட்டி வந்தவன் கையில் முதலாளியம்மா எதையோ வைத்தார். அது கொட்டை இல்லை. நடுவில் ஓட்டை குத்திய ஒரு தகர வில்லை. கொட்டைக் கணக்கு நின்றது என் டின்னால்தான் என்று அதைப் பார்த்ததுமே புரிந்தது. நின்றபடியே நடந்ததை எல்லாம் சொன்னேன். முதலாளியம்மா கேட்டுவிட்டுக் கையை நீட்டினார். பணத்தை வாங்கி எண்ணி, ஒரு பங்கை என்னிடமே திருப்பித் தள்ளினார்.

"ஒன்பது நடைதான். மிச்சம் உன்னோடது."

"உங்களுக்கு எப்படிம்மா தெரியும்?"

"மாசம் பொறந்தா ஐந்நூறு கொட்டை எண்ணித்தான் பையில போடுவேன். நீங்க கொண்டாறதும் பையில மிச்சமும் சேர்ந்தா ஐந்நூறு இருக்கணும். அந்த மாசம் ஒன்பது கூட இருந்துச்சு. அத நான் பாக்கறப்ப நீ ரயிலேறிட்ட." சுருக்குப்பையை இறுக்கிக் கட்டிக்கொண்டார். "மத்த அஞ்சு பேரையும் மாத்தி மாத்தி சந்தேகப்பட்டேன்பா. உன்ன மட்டும் ஒரு நாள்கூட நினைக்கல."

அதற்குப் பதில் அவர் என்னைத் திட்டியிருக்கலாம். அந்த ஐந்து பேரிடமும் நானே சொல்கிறேன் என்று வாசலிலேயே நின்றேன். வண்டி ஒவ்வொன்றாகத் திரும்பத் திரும்ப ஒவ்வொருவரிடமும் சொன்னேன். நான்கு பேர் சிரித்துவிட்டார்கள். கடைசியாக வந்தவர் எங்களில் மூத்தவர். அவரும் முதலில் சிரித்தார். பிறகு மாட்டை அவிழ்த்தபடியே சொன்னார்: "முன்னெல்லாம் வண்டிய விட்டு இறங்கினா, தண்ணி குடிச்சியான்னு அம்மா கேப்பாங்க. எட்டு மாசமா கேக்கல. நான் என்ன தப்பு பண்ணேன்னு யோசிச்சிக்கிட்டே இருந்தேம்பா."

இனி மறுபடி கொட்டையே கொடுக்கலாமே என்று புறப்படும்போது முதலாளியம்மாவிடம் சொல்லிப் பார்த்தேன். "தகரத்துக்குக் காசு குடுத்தாச்சேப்பா" என்றார்.

இப்போது செங்கல் லோரியில் போகிறது. முதலாளியம்மாவும் இல்லை, அந்த மூத்தவரும் இல்லை. மகளுக்குக் கல்யாணமாகிவிட்டது; இது எதுவும் அவளுக்கு நினைவில்லை, நானும் சொல்லவில்லை. நேற்று கதவுக்கு ஆணி தேடி டின்னைக் கவிழ்த்தேன். வேலை முடிந்து மீதியை ஒவ்வொன்றாகத் திரும்பப் போட்டேன். 'டிங்', 'டிங்' என்று விழ விழ, என்னை அறியாமல் எண்ணிக்கொண்டிருந்தேன். ஒன்பது வந்ததும் கை நின்றுவிட்டது. கூலியை அன்றைக்கே திருப்பிக் கொடுத்துவிட்டேன். எட்டு மாதம் தண்ணீர் குடித்தாயா என்று யாரும் கேட்காமல் வாசலில் நின்றாரே அந்த மனுஷர், அதை எந்த ரயில் ஏறிப் போய்த் திருப்பிக் கொடுப்பேன்? மீதி ஆணிகள் இன்னும் ஜன்னல் விளிம்பில்தான் கிடக்கின்றன.