அடிக்கல்லைத் துடைப்பவர்

எங்கள் ஊரில் வெள்ளைக்காரர் காலத்தில் எழுந்த கோயில்கள், சர்ச்சுகளின் வரலாற்றை, அடிக்கல்லில் உள்ள ஆண்டை மட்டும் நம்பி எழுதி முடித்த புத்திசாலி நான். சிவகாசியில் அச்சுக்குக் கொடுத்த பிறகுதான் சரிபார்க்கத் தோன்றியது. பழைய சர்ச்சுக்குப் போனேன்.

வாசலில் மணியடிப்பவர் நின்றார். ஒல்லி உடம்பு, இடுப்பில் சாவிக்கொத்து. வாய் திறக்குமுன் ஒவ்வொரு முறையும் தோள்துண்டால் அடிக்கல்லைத் துடைப்பார். கல்லில் ஆண்டு இருந்த இடம் வெறும் வெள்ளையாக இருந்தது.

"அண்ணாச்சி, போன மாசம் இங்கன ஆண்டு இருந்துச்சே?"

துடைத்தார். "எதித்த கோயில்ல கொடைத் திருவிழாவுக்குப் பெயிண்ட் அடிச்சாக. அடிச்ச கையோட நம்மள விடப் பத்து வருசம் மூப்பாயிட்டாக. ஞாயித்துக்கிழம நமக்கு அசனம். விருந்துக்கு வாரவுக கல்லப் பாப்பாகள்ல?"

"நிஜமான ஆண்டு எது?"

மறுபடி துடைத்தார். "அத நீங்கதான் சொல்லணும். ஒங்க பொஸ்தகத்துல என்ன போட்டிருக்கீக? பெயிண்டர் காத்துக்கிட்டிருக்காரு."

கல்லைப் பார்த்து எழுதியதைக் கல்லுக்கே திருப்பிச் சொன்னேன். அவர் முகம் வாடிவிட்டது.

"இருபது வருசம் முந்திப் போட்டா அச்சுல நிக்காதா?"

அவர் கேட்டதில் கள்ளமே இல்லை. அதுதான் இன்றும் எனக்குப் பிடிபடவில்லை. பதறிப்போய் அச்சகத்துக்கு ஓடி, ஆண்டுகள் எதையும் நம்ப முடியாது என்றேன். முதலாளி தலைகூட நிமிரவில்லை.

"இதுக்கா சார் ஓடியாந்தீக? நாங்க காலண்டர் அடிக்கிற கம்பெனி. வருசத்த மட்டும் மாத்தி அடிக்கதுதான் எங்க பொளப்பே."