ஒன்பதாம் நாள் கழற்றிய முட்டு

கட்டட ஒப்பந்தம் என்றால் என்னவென்று ஊர் ஊராகப் போய் விளக்குவதுதான் என் உத்தியோகமாக இருந்தது. தொழில்நுட்ப உத்தியோகத்தர் என்பது பதவியின் பெயர். துணுக்காயில் இருந்து செட்டிகுளம் வரைக்கும் நான் அளக்காத அத்திவாரம் இல்லை என்று ஒரு காலத்தில் பெருமை பேசித் திரிந்தவன் நான். இப்போது ஓய்வூதியத்தை எடுத்துக்கொண்டு வவுனியாவில் வீட்டோடு இருக்கிறேன். அந்தப் பெருமையில் ஒரு துளியும் மிச்சமில்லை.

ஜெயபுரத்துக்கு அப்பால் ஒரு குடியேற்றத்தில் பொது மண்டபம் ஒன்று கட்ட வேண்டியிருந்தது. பெரிய வேலை இல்லை. ஒரு கூடம், ஒரு களஞ்சிய அறை, முன்னால் இரண்டு தூண் வைத்து, மேலே கொங்கிறீற் தட்டுப் போட்ட ஒரு முகப்பு. இப்படியான சின்ன வேலைகளை வெளியாருக்குக் கொடுக்காமல் அந்தந்த ஊர்ச் சங்கத்துக்கே ஒப்பந்தமாகக் கொடுப்பது வழக்கம். சங்கம் ஊர் மேசனைப் பிடிக்கும். மேசன் வேலையைச் செய்வார். நான் மேற்பார்வை பார்ப்பேன்.

அந்த ஊர் மேசனுக்கு அப்போது ஐம்பது வயது இருக்கும். மலைநாட்டுத் தோட்டமொன்றில் இருந்து கலவரத்தில் அடி வாங்கி ஓடிவந்த குடும்பம். குடியேற்றத்தில் இருந்த வீடுகளில் பாதிக்கு மேல் அவர் கை பட்டவை. சுவரில் உள்ளங்கையை வைத்துப் பார்த்தே அது நேர்தூக்காக நிற்கிறதா, சரிந்திருக்கிறதா என்று சொல்லிவிடுவார். நான் தூக்குக்குண்டை விட்டுப் பார்ப்பேன். அவர் சொன்னதுதான் சரியாக இருக்கும். அவருடைய மனைவிதான் அவருக்குக் கையாள். கலவை குழைப்பதும் தாச்சிச் சட்டியில் அள்ளிக் கொடுப்பதும் அவா. இருவருக்கும் வேறு வருமானம் கிடையாது. "அவர் கட்டினா நிக்கும்" என்ற ஊர்ப் பேச்சுத்தான் அந்த வீட்டு அடுப்பை எரித்தது.

முதல் கூட்டத்தில் வழக்கம்போல என் பிரசங்கத்தை வைத்தேன். என்ன கட்டுவது என்று சொல்வது வரைபடம். எதை எவ்வளவு போட்டுக் கட்டுவது என்று சொல்வது அளவுப் பட்டியல். எப்போது முடிப்பது என்று சொல்வது வேலை அட்டவணை. பிழைத்தால் யார் பொறுப்பு என்று சொல்வது கையெழுத்து. கடைசியாக, கரித்தாள் வைத்து மூன்று பிரதி எடுக்கும் அறிவுறுத்தல் புத்தகத்தைத் தூக்கிக் காட்டினேன்.

"எழுத்தில வராத கட்டளை கட்டளையே இல்லை. நான் வாயால ஒண்டைச் சொன்னால், இதில எழுதிக் கையெழுத்து வைக்கச் சொல்லிக் கேளுங்கோ. கேக்கிறது உங்கட உரிமை."

மேசன் சிரித்துக்கொண்டே தலையைச் சொறிந்தார். "சேர்கிட்ட போயி எழுதித் தாங்கன்னு எப்புடிங்க கேக்குறது? ஒங்கள நம்பலன்னு சொன்ன மாதிரி ஆயிருமே."

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். மதிக்கும் ஒருவரிடம் போய்க் கடதாசி கேட்பது அந்த ஊரில் அவமரியாதை. கடதாசி என்றாலே தங்களிடம் இருந்து எதையாவது பறிக்க வருவது என்றுதான் அவர்கள் இரண்டு தலைமுறையாகக் கண்டிருந்தார்கள். நம்பிக்கை உள்ள இடத்தில் அது எதற்கு? இது எனக்குத் தெரியும். தெரிந்தும் அந்த மரியாதை எனக்கு இனித்தது. அதைத் திருத்த நான் மெனக்கெடவில்லை.

சுவர் எழும்பியது. கூரை ஏறியது. முகப்புக்குக் கம்பி கட்டுகிற நேரத்தில் மழை பிடித்துக்கொண்டது. வன்னியில் மாரி தொடங்கினால் வேலை அட்டவணையை மடித்துச் சட்டைப் பைக்குள் வைக்க வேண்டியதுதான். இரண்டு கிழமை போய்விட்டது. ஆனால் திறப்பு விழாவுக்கு நாள் குறித்தாகிவிட்டது. திறந்து வைக்கக் கொழும்பில் இருந்து வருபவர் நாளை மாற்ற மாட்டார் என்று கந்தோரில் என் மேலதிகாரிகள் சொன்னார்கள். அழைப்பிதழும் அச்சாகிவிட்டது.

நான் அட்டவணையை விரித்து வைத்துக்கொண்டு இருந்தேன். ஒன்று முடியாமல் மற்றதைத் தொடங்க முடியாத வேலைகள்தான் முடிவு நாளைத் தீர்மானிப்பவை. முகப்பின் அடியில் முட்டு நிற்கும்வரை அங்கே பூச்சு இல்லை, நிலத்துக்குச் சீமெந்து இழுக்க முடியாது, வர்ணம் பூச முடியாது. ஈரக் கொங்கிறீற் தன் பாரத்தைத் தானே தாங்கும்வரை அதைத் தாங்கி நிற்கும் பலகையையும் மரங்களையும்தான் முட்டு என்கிறோம். குறைந்தது இரண்டு கிழமையாவது அது நிற்க வேண்டும். மழைக்குளிருக்கு இன்னும் கூட விட வேண்டும். மற்ற வேலைகளில் குறைக்க எதுவும் இல்லாததால் அட்டவணையில் முட்டு நிற்கும் நாட்களைக் காட்டிய கோட்டை நான் அழித்துச் சின்னதாக வரைந்தேன். பென்சிலால் வரைவது சுலபமாக இருந்தது.

கொங்கிறீற் போட்ட ஒன்பதாம் நாள் காலை தூறலுக்குள் மோட்டார் சைக்கிளில் போனேன். இறங்கவும் இல்லை.

"மேசன், முட்டை இண்டைக்குக் கழட்டுங்கோ. நாளைக்குப் பூச்சுத் தொடங்கோணும்."

அவர் முகப்பை அண்ணாந்து பார்த்தார். "ஒம்பது நாள் தானே சேர் ஆச்சு. மழை வேற. இன்னும் ஒரு கெழம விட்டா நல்லதுங்க."

"நான் சொல்லுறன் தானே."

அவர் என் பையை ஒருதரம் பார்த்தார். அறிவுறுத்தல் புத்தகம் அதற்குள்தான் இருந்தது. நனைந்துவிடும் என்று நான் எடுக்கவில்லை. அவர் கேட்கவும் இல்லை. "சரிங்க சேர்," என்றார். பக்கத்தில் தாச்சி கழுவிக்கொண்டிருந்த அவர் மனைவி நிமிர்ந்து எங்கள் இருவரையும் பார்த்துவிட்டு மறுபடியும் குனிந்துகொண்டா.

அடுத்த நாள் விடிந்தபோது முகப்பு நடுவில் தொய்ந்திருந்தது. சுவரோடு சேரும் இடத்தில் விரல் நுழையும் அளவுக்கு வெடிப்பு. யார் தலையிலும் விழவில்லை, அந்த மட்டில் தப்பினோம்.

மாவட்டத்தில் இருந்து மூன்று பேர் விசாரணைக்கு வந்தார்கள். மண்டபத்துக்குள் மேசை போட்டு இருந்தார்கள். சங்கத் தலைவரும் நானும் ஒரு பக்கம். மேசன் கையைக் கட்டிக்கொண்டு நின்றார்.

"முட்டைக் கழட்டச் சொன்னது ஆர்?"

மேசன் என்னைப் பார்த்தார். காட்டிக் கொடுக்கிற பார்வை இல்லை அது. முதலில் நீங்கள் சொல்லுங்கள் என்று இடம் விட்ட பார்வை. நான் மேசையில் கிடந்த விசாரணைக் கோப்பைப் பார்த்தேன். அந்த வருடம் எனக்குப் பதவி உயர்வுக்கான நேர்முகம் இருந்தது. அதுதான் காரணம்; நாகரிகமான வேறு காரணம் எதுவும் என்னிடம் இல்லை.

"நாந்தாங்க," என்றார் அவர். "அவசரப்பட்டுட்டேன்."

புத்தகத்தைக் கேட்டார்கள். கொடுத்தேன். அந்தத் திகதியில் ஒன்றும் இல்லை. எழுத்தில் இல்லாதது கட்டளை இல்லை என்று அந்த ஊருக்குப் படிப்பித்தவன் நான்.

எல்லோரும் போன பிறகு மண்டபத்துக்குப் பின்னால் போய் அவரைப் பிடித்தேன். "ஏன் அப்பிடிச் சொன்னனீங்கள்?"

"ஒங்களுக்கு உத்தியோகம் போயிரும் சேர். எனக்கு கை இருக்கு, பொழச்சிக்குவேன்."

அப்போது எனக்கு அழுகை வரவில்லை. நெஞ்சில் இருந்து பாரம் இறங்கிய மாதிரி நிம்மதியாக இருந்தது. இதை எழுதவே உடம்பு கூசுகிறது. ஆனால் உண்மை அதுதான். அன்று மத்தியானம் நான் வயிறாரச் சாப்பிட்டேன்.

முகப்பை இடித்துச் சங்கமே திரும்பக் கட்டியது, வேறு மேசனை வைத்து. "மேசனின் கவனயீனம்" என்று அறிக்கையில் என் கையாலேயே எழுதினேன். அதற்குப் பிறகு அவரை ஒருவரும் வேலைக்குக் கூப்பிடவில்லை. மாட்டுக்கொட்டில் தூணுக்குக்கூட அடுத்த ஊரில் இருந்து ஆளைக் கொண்டுவந்தார்கள். கை இருந்தது, அதை நம்புவதற்குத்தான் ஆள் இல்லை.

இரண்டு வருடம் கழித்துச் செட்டிகுளத்தில் ஒரு வீட்டு வேலையில் அவரைக் கண்டேன். தன் மகன் வயதுடைய மேசனுக்குக் கையாளாகத் தாச்சி சுமந்துகொண்டிருந்தார். என்னைக் கண்டதும் தாச்சியை இறக்கி வைத்துவிட்டு, "சேர், சுகமா இருக்கீங்களா?" என்று சிரித்தார். நான் பிரதம உத்தியோகத்தராகியிருந்தேன். சீமெந்து விலையைப் பற்றிக் கதைத்தேன். மழையைப் பற்றிக் கதைத்தேன். போய்விட்டேன்.

சிறுநீரகம் பழுதாகி அவர் இறந்துவிட்டார் என்று ஒருநாள் கந்தோரில் சொன்னார்கள். செத்த வீட்டுக்கு வெளிக்கிட்டு, உடுப்பும் மாற்றிக்கொண்டு, போகாமல் இருந்துவிட்டேன்.

ஓய்வு பெற்ற பிறகுதான் போனேன். அவர் மனைவி தனியே இருந்தா. நான் இருக்கக் கதிரையைத் தட்டிப் போட்டு, தேத்தண்ணியும் தந்தா. நான் எல்லாவற்றையும் சொன்னேன். சொல்லச் சொல்ல என் குரல் உடைந்து, கடைசியில் குழந்தைப் பிள்ளை மாதிரி விம்மினேன். அவா அழவில்லை.

"எனக்கு தெரியாதா சேர்? நான் அங்க தானே நின்னேன். வெளிய சொல்லாதன்னு சத்தியம் வாங்கிட்டாரு. சேர் ஒரு நாளைக்கி வந்து சொல்லுவாருன்னு ஆஸ்பத்திரியில படுத்துக்கிட்டும் சொல்லிக்கிட்டு இருந்தாரு."

நான் எழுதித் தருகிறேன் என்றேன். முத்திரையோடு, சத்தியக் கடதாசியாகவே தருகிறேன் என்றேன்.

அவா தலையை ஆட்டினா. "கடுதாசி எதுக்குங்க? மாசக் கடேசி ஞாயித்துக்கெழம சங்கம் கூடுது. அந்த மண்டபத்துல தான். அங்க வந்து நாலு பேரு முன்னால சொல்லுங்க. அவரு கட்டினா நிக்கும்னு ஊரு திரும்ப ஒரு தடவ சொல்லட்டும்."

"ஓம் அம்மா, வாறன்," என்றேன்.

அந்த ஞாயிறு எனக்குக் காய்ச்சல் என்று வீட்டில் சொன்னேன். அடுத்த மாதம் ஒரு கலியாணம் இருந்தது. மூன்றாவது மாதத்துக்குச் சாட்டு எதுவும் தேடவில்லை, சும்மா இருந்துவிட்டேன். போன கிழமை சங்கத் தலைவர் தொலைபேசி எடுத்தார்.

"சேர், நீங்கள் எங்கட கூட்டத்துக்கு வாறதாச் சொன்னனீங்களோ? அந்த அம்மா ஒவ்வொரு முறையும் நேரத்தோட வந்து தனக்குப் பக்கத்துக் கதிரையைப் பிடிச்சு வைச்சிருக்கிறா. ஒருத்தரையும் இருக்க விடுறா இல்லை. கேட்டால், சேர் வருவாரு எண்டு மட்டும் சொல்லுறா. என்ன விசயம் சேர்?"

ஒன்றுமில்லை என்று சொல்லித் தொலைபேசியை வைத்தேன்.