தண்ணீரில் விளக்கெரித்த பிரியந்தினி

தண்ணீரூற்று என்கிற ஊருக்கு வந்து "பிரியந்தினி வீடு எது?" என்று கேட்டால், எந்தப் பிரியந்தினி என்று உங்களையே திருப்பிக் கேட்பார்கள். "காஸ் பிரியந்தினி" என்று கேட்டுப் பாருங்கள், நடை பழகும் பிள்ளையும் கையை நீட்டிக் காட்டும். லாண்ட்மாஸ்டர் உழவு மெஷினின் பெட்டியில் சமையல் காஸ் சிலிண்டர்களை அடுக்கி, தலையில் ஒரு துவாயைச் சுற்றிக்கொண்டு, அவள் போகாத தெருவோ ஒழுங்கையோ அந்தச் சுற்றுவட்டாரத்தில் கிடையாது. வெறும் சிலிண்டரை ஒற்றைக் கையால் தூக்கிப் பெட்டிக்குள் போடுவாள். நிறைந்ததைச் சாய்த்து உருட்டிக் குசினிவரை கொண்டுபோய் அடுப்போடு பூட்டி, சவர்க்கார நுரை தடவி, கசிவில்லை என்று கண்ட பிறகுதான் வீட்டுக்காரர் நீட்டும் தேத்தண்ணியை வாங்குவாள். பொம்பிளைப் பிள்ளைக்கு இந்த வேலை ஏன் என்று ஒரு காலம் வாயைச் சப்பியவர்கள்தான், இப்போது அவள் ஒரு நாள் பிந்தினால் "எங்கை பிள்ளை போனனீ?" என்று சண்டைக்கு வருகிறார்கள்.

படிப்பில் கெட்டிக்காரிதான். உயர்தரத்தில் விஞ்ஞானம் எடுத்திருந்தாள். போர் முடிந்த அந்த வருடம் சனம் முழுக்க முகாமுக்குள் இருந்தது. திரும்பி வந்தபோது புத்தகமும் இல்லை, படிக்கிற மனமும் இல்லை. பிறகு சிவகரனைக் கட்டினாள். சிவகரன் நல்ல மனிதன், ஆனால் கட்டாரில் இருக்கிறான். அங்கே லொறி ஓட்டுகிறான். கலியாணம் கட்டிய காலத்தில் இருந்து தொலைபேசியில்தான் குடும்பம் நடக்கிறது. அவனுடைய தாய் தங்கம்மாவும் பிரியந்தினியும் ஒரே வீட்டில். மாமியும் மருமகளும் சண்டை பிடிப்பதில்லை என்று சொன்னால் நம்பமாட்டீர்கள், ஆனால் இரண்டு பேருக்கும் கவலை ஒன்றாக இருந்தபடியால் சண்டைக்கு நேரம் கிடைக்கவில்லை. அவன் எப்போது வருவான் என்பதுதான் அந்தக் கவலை.

"உனக்கொரு மாதச் சம்பள வேலை கிடைச்சால் அடுத்த விமானத்தில வருவன்" என்பான் சிவகரன். காஸ் விற்பதில் மாதத்துக்கு மாதம் வருமானம் ஏறும், இறங்கும். மாதச் சம்பள வேலை தண்ணீரூற்றில் எங்கே கொட்டிக் கிடக்கிறது?

அப்படியிருக்கத்தான் மாகாணத்தில் பசுமை ஐதரசன் கொள்கை என்று ஒன்று வந்தது. பகலில் சோலர் தட்டுகளில் விழுகிற வெயிலைக் கொண்டு தண்ணீரைப் பிரிப்பது. பிரிந்து வருகிற ஐதரசன் வாயுவைத் தாங்கிகளில் சேர்த்து, இரவில் ஆஸ்பத்திரிக்கும் மீன்காரரின் ஐஸ் தொழிற்சாலைக்கும் மின்சாரமாக்குவது. புகையில்லை, கரியில்லை. கொள்கை என்றால் நம் ஆட்கள் பெரும்பாலும் கொட்டாவி விடுவார்கள். பிரியந்தினி மட்டும் கொட்டாவி விடவில்லை. பிரதேச செயலக வாசலில் ஒட்டியிருந்ததை நின்று வாசித்தாள். நிலையம் எந்த ஊரில் அமைகிறதோ அந்த ஊர் ஆட்களுக்கே வேலை முதலில். பயிற்சியில் பாதி இடம் பெண்களுக்கு. படிப்புப் பாதியில் நின்றாலும் பரவாயில்லை, வாயுவோடு வேலை செய்த பழக்கம் இருந்தால் போதும். வாசித்து முடித்தவள் லாண்ட்மாஸ்டரை அங்கேயே விட்டுவிட்டு உள்ளே போனாள். அன்றைக்கு நாலு வீட்டில் சோறு பிந்தியதற்கு அதுதான் காரணம்.

கிளிநொச்சியில் விடுதியில் தங்கிப் பயிற்சி எடுத்தாள். வார இறுதியில் பஸ்ஸில் வந்து காஸ் கொடுத்துவிட்டுப் போவாள். கடைசியில், நிலையத்தை நடத்தும் வேலைக்கு அவளையே எடுப்பதென்று முடிவாயிற்று. ஆனால் ஒரு முடிச்சு இருந்தது. அதே கொள்கையில், ஊர் கூடிக் கையுயர்த்திச் சம்மதித்தால் மட்டுமே நிலையம் என்றும் இருந்தது. தண்ணீரூற்று மாட்டேன் என்றால் அது புளியங்குளத்துக்குப் போய்விடும். வேலையும் அதோடு போய்விடும். சிவகரன் லொறியிலேயே இருப்பான்.

மாட்டேன் என்று சொல்லக்கூடியவர் ஒருவர் இருந்தார். வயல் செய்கிற கமக்காரரின் அமைப்புக்குத் தலைவர் மயில்வாகனம். பொதுநோக்கு மண்டபத்தின் திறப்பு, விதைநெல் களஞ்சியத்தின் திறப்பு, தண்ணீர் இறைக்கும் மெஷினின் திறப்பு என்று ஊரின் அத்தனை திறப்பும் சாவிக்கொத்தாக அவருடைய இடுப்புக் கயிற்றில் தொங்கும். அவர் நடந்து வருவதை ஒழுங்கை முனையிலேயே காதால் அறியலாம். "ஊருக்குப் பேரே தண்ணியில. அந்தத் தண்ணியைப் பிரிக்க வாறாங்களாம்" என்று அவர் கடைவாசலில் நின்று கதைத்துவிட்டார். அவர் கதைத்தால் பாதி ஊர் தலையாட்டும்.

இந்த நேரத்தில்தான் பிரியந்தினி வாயைக் கொடுத்து மாட்டிக்கொண்டாள். கூட்டத்தில் எல்லாருக்கும் முன்னால் ஒரு சின்னக் கருவியை வைத்துத் தண்ணீரைப் பிரித்து எரித்துக் காட்டுவதென்று ஏற்பாடு. அது என்ன எரிப்பென்று தங்கம்மா துருவித் துருவிக் கேட்டாள். அலுத்துப்போன பிரியந்தினி, "எங்கட அம்மாள் கோயில் விளக்கு மாதிரித்தான் மாமி. தண்ணியில எரியும்" என்றாள்.

வேறு ஊர் மாமி என்றால் அதோடு போயிருக்கும். இந்தப் பக்கத்தில் அது சாதாரண வார்த்தையா? வைகாசியில் கடலுக்குப் போய்த் தீர்த்தமெடுத்து வந்து, அந்த உப்புத் தண்ணீரில் திரி வைத்து விளக்கேற்றி, அதன்பிறகு வற்றாப்பளை அம்மாளுக்குப் பொங்குகிற சனம் இது. தண்ணீர் எரியும் என்று இவர்களுக்கு விஞ்ஞானம் வந்து சொல்லவேண்டியதில்லை. தங்கம்மா அன்று பின்னேரமே நாலு வீட்டில் சொன்னாள். நாலு வீடு நாற்பதானது. "பிரியந்தினி மண்டபத்தில தண்ணியில விளக்கு எரிக்கப் போறாளாம்."

கூட்டத்தன்று காலை மண்டபத்துக்குள் நுழைந்த பிரியந்தினிக்குத் தலை சுற்றியது. ஊர் முழுக்கக் குளித்துத் தோய்ந்து, திருநீறு பூசி, விரதமிருந்து வந்திருந்தது. பெண்கள் கையில் பூத்தட்டு. யாரோ வாசலில் நிறைகுடம் வைத்திருந்தார்கள். மாகாணத் திட்டத்தின் பொறியியலாளர் நிருஷன், சப்பாத்தோடு உள்ளே வர, கழற்றிவிட்டு வரும்படி வெளியே அனுப்பினார்கள். அவன் சிரித்துக்கொண்டே வெறுங்காலோடு வந்தான்.

"அக்கா, இது என்ன கூட்டம்?"

"தம்பி, நான் ஒரு சொல்லைப் பிழையாச் சொல்லிப்போட்டன்" என்றாள் பிரியந்தினி.

இனி என்ன செய்வது? வெளியே வெயிலில் சோலர் தட்டை வைத்து, வயரை உள்ளே இழுத்து, கருவியைப் பூட்டினாள். கண்ணாடிக் குவளைக்குள் குமிழ் குமிழாக வாயு எழும்பியது. சனம் கழுத்தை நீட்டியது. பித்தளைக் குழாயின் வாயில் லைற்றரைப் பிடித்தாள். "பொக்" என்று ஒரு சின்னச் சத்தம்.

ஒன்றையும் காணவில்லை.

அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. ஐதரசன் சுவாலை வெளிச்சத்தில் கண்ணுக்குத் தெரியாது. கிளிநொச்சியில் யன்னல்களைச் சாத்தி, இருட்டறையில்தான் செய்து பார்த்தார்கள். இந்த மண்டபத்துக்கு யன்னலுக்குக் கதவே இல்லை. ஆனி வெயில் உள்ளே வந்து பாய் விரித்துப் படுத்திருந்தது.

"எரியுது, எரியுது. உங்களுக்குத் தெரியேல்லை" என்றாள். ஒரு கடதாசித் துண்டைப் பிடித்தாள். அது பற்றி எரிந்தது.

"கடதாசி எரியுது பிள்ளை. தண்ணி எங்கை எரியுது?" என்றார் மயில்வாகனம்.

சனத்துக்குள் முணுமுணுப்பு எழும்பியது. எரியாமல் விட்டதற்குக் காரணம் வேண்டுமே. யாரோ மீன், மச்சம் சாப்பிட்டுவிட்டு வந்திருக்க வேண்டும் என்றாள் ஒருத்தி. ஆர், ஆர் என்று ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். மயில்வாகனம் கூரையைப் பார்த்தார். பக்கத்தில் இருந்தவர் மூக்கைச் சுளித்தார்.

"காலமை திரளிக் குழம்போட பழஞ்சோறு சாப்பிட்டனான்தான்" என்றார் மயில்வாகனம். "கூட்டத்துக்கெண்டுதானே கூப்பிட்டவை. விரதமெண்டு எனக்கு ஆர் சொன்னது?"

அத்தனை கண்ணும் அவர்மேல் பாய்ந்தது. ஊரின் திறப்பெல்லாம் வைத்திருக்கும் மனிதன் ஒரு மீன்குழம்பால் கூனிப்போய் நின்றார். பிரியந்தினிக்குச் சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது. கண்ணுக்கு முன்னால் புளியங்குளம் தெரிந்தது.

அந்த நேரம் தங்கம்மா எழும்பினாள். மகனை நினைத்தாளோ, அம்மாளை நினைத்தாளோ, இடுப்பில் செருகியிருந்த சின்னப் போத்தலை எடுத்தாள். வைகாசியில் கடலில் எடுத்துச் சாமியறையில் வைத்திருந்த தண்ணீர். "அம்மாளாச்சி, இந்தப் பிள்ளையைக் கைவிட்டிடாதை" என்று சொல்லி, பிரியந்தினி தடுப்பதற்குள் கருவிமேல் தெளித்தாள்.

குழாய் வாயிலிருந்து மஞ்சளாகச் சுவாலை எழும்பியது. நல்ல மஞ்சள், பட்டப்பகலில் கடைசி வரிசை வாங்கில் இருந்தவருக்கும் தெரிகிற மஞ்சள். மண்டபம் "அரோகரா" என்று அதிர்ந்தது. பெண்கள் பூவை எறிந்தார்கள். தங்கம்மா அழுதாள். எல்லாவற்றுக்கும் மேலாக, மயில்வாகனம் சால்வையை இடுப்பில் கட்டிக்கொண்டு இரண்டு கையையும் தலைக்குமேல் கூப்பினார். "இனி நான் என்ன கதைக்கக் கிடக்கு?" என்றார். "கையைத் தூக்குங்கோ எல்லாரும்."

பிரியந்தினிக்கு உள்ளங்கால்வரை குளிர்ந்தது. வேலை கைக்குள் வந்துவிட்டது. சிவகரன் விமானத்தில் ஏறிவிட்ட மாதிரித்தான். அவள் ஒன்றும் செய்யவேண்டாம், பேசாமல் நின்றால் போதும்.

நிருஷன் அவள் காதோடு, "சொல்லுறதோ விடுறதோ, உங்கட ஊர் அக்கா. நீங்கள்தான் யோசிக்க வேணும்" என்றான்.

அவள் யோசித்தாள். இந்தச் சனத்தின் குசினிகளில் அவள் ஒரு நாளும் கசிவை மறைத்துவிட்டு வந்ததில்லை.

"பொறுங்கோ, கையை இறக்குங்கோ" என்று கத்தினாள். "இது அற்புதமில்லை. உப்பு."

உயர்ந்த கைகள் பாதியில் நின்றன.

"நெருப்பு முதலே எரிஞ்சுகொண்டுதான் இருந்தது. உதுக்கு நிறமில்லை. மாமி தெளிச்ச தண்ணியில உப்பிருந்தது, அதுதான் மஞ்சளாக் காட்டுது. சோறு பொங்கி உப்புத்தண்ணி காஸ் அடுப்பில ஊத்துப்பட்டால் மஞ்சளா எரியிறதை நீங்கள் எல்லாரும் கண்டிருக்கிறியள். அதேதான் இது. மயில்வாகனம் ஐயாவின்ர திரளிக் குழம்பிலயும் ஒரு பிழையுமில்லை. அம்மாளின்ர விளக்கு வேறை. அதோட இதைச் சேர்த்துச் சொன்னது என்ர பிழை. கும்பிட்டுப்போட்டுக் கை தூக்காதேங்கோ. கேள்வி கேட்டுப்போட்டுத் தூக்குங்கோ."

தங்கம்மா மருமகளைப் பார்த்த பார்வையில் அந்தச் சுவாலையே அணைந்திருக்கும். ஆனாலும் பிரியந்தினிக்கு மனம் லேசாகிவிட்டது.

மயில்வாகனம் மெதுவாகக் கையை இறக்கினார். சால்வையை அவிழ்த்துத் தோளில் போட்டார். பழைய மயில்வாகனமாகிவிட்டார்.

"அப்ப கேக்கிறன். எங்கட கிணத்துத் தண்ணியோ?"

"இல்லை ஐயா. கூரையில விழுற மழைத் தண்ணி. அதைத் தொட்டியில சேர்த்துத்தான் நடத்தலாம். கிணத்தில குழாய் போடேலாதெண்டு கொள்கையிலயே இருக்கு."

"மழை பெய்யாட்டி?"

"தொட்டி காயும். மெஷின் நிக்கும்."

"கொள்கையை நாளைக்கு ஆரும் மாத்தினால்?"

பிரியந்தினி நிருஷனைப் பார்த்தாள். அவன் தலையைச் சொறிந்தான்.

"மாத்தமாட்டினம் எண்டு என்னால சொல்லேலாது ஐயா. எனக்குத் தெரியாது. ஆனால் சம்மதம் குடுக்கேக்க ஊர் தன்ர பக்கத்தால நிபந்தனை போடலாம். அதை ஊரைக் கேக்காமல் எடுக்கேலாது. இப்ப போடுங்கோ."

"அப்ப எழுதுங்கோ தம்பி" என்றார் மயில்வாகனம். "மெஷினுக்குத் தண்ணி போற குழாய்க்கு ஒரு பூட்டு. கிணத்துத் தண்ணி ஒரு சொட்டுப் போனாலும் பூட்டுறது. திறப்பு ஊரிட்ட இருக்கும்."

"அது சரிதான் ஐயா" என்றான் நிருஷன், எழுதியபடி. "திறப்பு ஆரின்ர கையில எண்டு போடுறது?"

இதுவும் ஒரு கேள்வியா என்று சனம் மயில்வாகனத்தின் இடுப்பைப் பார்த்தது. அவரும் பழக்கத்தில் கயிற்றைத் தொட்டுப் பார்த்தார். பிறகு கையை எடுத்தார்.

"உந்தப் பிள்ளையிட்டக் குடுங்கோ" என்றார். "நானே கும்பிட்டிட்டு நிண்டனான். அவள் வாய் திறக்காமல் விட்டிருந்தால் எல்லாம் அவளுக்குக் கிடைச்சிருக்கும். திறந்திட்டாள். இதுக்கு மேலை எனக்கென்ன வேணும்?" என்று சொல்லிவிட்டு, மண்டபத்தில் முதல் ஆளாகக் கையைத் தூக்கினார்.

பிறகு எத்தனை கை என்று யாரும் எண்ணவில்லை. பிரியந்தினிக்கு எண்ணவும் முடியவில்லை, கண் நிறைந்திருந்தது. தங்கம்மா ஒரு கையால் முந்தானையில் மூக்கைத் துடைத்துக்கொண்டு மறுகையைத் தூக்கினாள்.

பிரியந்தினி வெளியே ஓடிவந்து, வேப்பமரத்துக்குக் கீழே நின்று சிவகரனுக்குத் தொலைபேசி எடுத்தாள். அவன் பக்கத்தில் லொறிச் சத்தம் கேட்டது.

"என்னப்பா, என்ன மாதிரி? கை தூக்கினவையோ?"

உப்பு, திரளிக் குழம்பு, மாமியின் போத்தல், பூட்டு என்று எல்லாவற்றையும் ஒரே மூச்சில் சொன்னாள். இடையில் சிரித்தாள், இடையில் அழுதாள்.

"எனக்கு ஒண்டும் விளங்கேல்லை" என்றான் அவன். "ஆறுதலாச் சொல்லு."

"இஞ்சை வந்து கேளுங்கோ" என்றாள் பிரியந்தினி. "வெளிக்கிடுங்கோ."