கார்க் கதவும் மாமியின் காது மிஷினும்

கண்ணுக்குத் தெரியாத இடத்தில் ஷீட்டை ஒட்டிவிட்டு, காதில் விழாமல் போன சத்தத்துக்குப் பாராட்டு எதிர்பார்ப்பதுதான் என் தொழில். தி. நகரில் கார் சாமான் கடை வைத்திருக்கிறேன். சீட் கவர் போட்டால் பளிச்சென்று தெரியும். ஹார்ன் மாற்றினால் தெருவுக்கே தெரியும். கதவுக்குள் சத்தம் அடக்கும் ஷீட் ஒட்டினால் மட்டும், "அப்படி என்னத்தைச் செஞ்சீங்க?" என்று கேட்பார்கள். இதே தொழிலில் மாட்டிக்கொண்டு முழிக்கும் சகோதரர்களே, உங்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை.

தட்டிப் பார்க்கிறவர்கள்

ஷீட் ஒட்டாத கதவைத் தட்டினால் காலி எண்ணெய் டின் மாதிரி கேட்கும். ஒட்டிய கதவு அரிசி மூட்டை மாதிரி. இதை யாரோ வீடியோவில் சொல்லித் தொலைத்துவிட்டார்கள். அன்றிலிருந்து வருகிறவர்கள் எல்லாரும் தட்டுகிறார்கள். ஓர் இளைஞர் தன் புதுக் காரின் கதவுகளைத் தட்டி, கூரையைத் தட்டி, கடைசியில் என் மேஜையையும் தட்டிப் பார்த்தார். ஓட்டிப் பார்த்தால்தான் வித்தியாசம் தெரியும் என்று தொண்டை வறளச் சொன்னேன். யோசித்துவிட்டு வருகிறேன் என்று கிளம்பிவிட்டார். எங்கள் ஃபிட்டர் சேவியர் அவர் போன திசையைப் பார்த்துக்கொண்டே சொன்னார்: "தேங்கா வாங்க வந்தா மாரி தட்டிக்கினு கீறாரு. வுட்டா ஒடச்சே பாத்துருப்பாரு சார்!"

பேச்சு நின்ற கார்

மயிலாப்பூர் ராமநாதன் சார் எதையும் தட்டவில்லை. பாங்கில் இருந்து ஓய்வு பெற்றவர். பழைய காரை வாசலில் நிறுத்திவிட்டு நேராக விஷயத்துக்கு வந்தார். அவர் மனைவிக்குக் காது மந்தமாகி, மிஷின் வாங்கியிருக்கிறார்கள். வீட்டில் அது ஒழுங்காக வேலை செய்கிறது. காரில் ஏறினால்தான் தகராறு. டயர் சத்தம், பஸ் சத்தம், கதவு அதிர்கிற சத்தம் எல்லாவற்றையும் பெரிசாக்கி மண்டைக்குள் கொட்டுகிறதாம். மாமி அதைக் கழற்றிக் கைப்பையில் போட்டுவிடுகிறார். வாரா வாரம் ஆதம்பாக்கத்தில் இருக்கும் மகள் வீட்டுக்குப் போய் வருகிற வழியெல்லாம் இப்போது மௌனம்தான்.

வீட்டில் பேசிக்கொள்ளலாமே என்று வாய் சும்மா இராமல் கேட்டுவிட்டேன். அவர் கோபித்துக்கொள்ளவில்லை. "ஆத்துல அவ டிவி பார்ப்பா, நான் பேப்பர் படிப்பேன். நாங்க பேசிக்கறதே கார்லதான் சார். இப்ப அதுவும் போயிடுத்து."

எந்த ஷீட்?

மூன்று துண்டுகளை எடுத்து வைத்தேன். தார் ஷீட் மலிவு. ஆனால் நம்ம ஊர் வெயிலில் இளகி வழியும், கார் முழுக்க நாறும். ஸ்பாஞ்ச் மாதிரி இருப்பது தகரம் அதிர்வதை நிறுத்தாது. மூன்றாவது பியூட்டில் ஷீட்: ஒரு பக்கம் ரப்பர் பிசின், மறுபக்கம் அலுமினியத் தாள். அதையும், காற்று இரையாமல் இருக்கக் கதவு ஓரத்துக்கு ரப்பர் பீடிங்கும் போடச் சொன்னேன். சார் எதையும் விசாரிக்கவில்லை. "மிஷினைக் கழட்டாம வருவாளோ?" என்று மட்டும் கேட்டார். சத்தம் குறையும் என்று சொல்லலாம், மாமி மனசுக்கு நான் எப்படி உத்தரவாதம் தருவது?

சேவியர் கதவின் உள்பலகையைக் கழற்றி, தகரத்தைத் துடைத்து, சின்ன உருளையால் அழுத்தி அழுத்தி ஒட்டினார். வழக்கத்தைவிட நிதானமாகத்தான் செய்தார். ஏன் என்று கேட்டேன். "பாட்டு நல்லா கேக்கணும்னு வருவாங்க. பேச்சு கேக்கணும்னு வந்த மொத ஆளு இவருதான் சார்."

கதவுக்குள் தண்ணீர்

ஒரு வாரம் விடாமல் மழை. அது ஓய்ந்ததும் சார் மாமியோடு வந்து இறங்கினார். இடப்பக்கக் கதவை அசைத்தால் உள்ளே களக் களக் என்கிறது. எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. சேவியர் குனிந்து பார்த்தார். கண்ணாடி வழியாக இறங்கும் மழைத் தண்ணீர் வடிவதற்குக் கதவின் அடியில் சின்னத் துளைகள் இருக்கும். அவற்றை யாரோ மொட்டை மாடி ஒழுகலுக்கு ஒட்டுகிற டேப்பால் அடைத்திருந்தார்கள். யாரோ என்ன, சாரேதான். "சத்தம் ஓட்டை வழியாத்தானே வரும்? மிச்சம் மீதியும் போகட்டும்னு நெனச்சேன்" என்றார். டேப்பைப் பிய்த்ததும் அத்தனை தண்ணீரும் சேவியர் காலில் கொட்டியது.

சார் முகத்திலோ கல்யாண வீட்டுக் களை. தண்ணீர் ஆடுவதை முதலில் கண்டுபிடித்தது மாமியாம். அப்படியென்றால் மிஷின் கைப்பையில் இல்லை, காதில் இருக்கிறது! எனக்கும் சந்தோஷம் தாங்கவில்லை. "இப்ப நல்லா கேக்குதா மாமி?" என்று உரக்கக் கேட்டேன். மாமி கணவரை ஒரு பார்வை பார்த்தார்.

"கத்தாதீங்கோ, நன்னாவே கேக்கறது. சிக்னலுக்கு சிக்னல் இவர் உதடு அசையும். ஸ்லோகம் சொல்றார்னு நானும் கையைக் கூப்பிண்டு உக்காந்திருந்தேன். இப்பன்னா தெரியறது, ஆட்டோக்காராளைத் திட்டிண்டு வரார்!"

கதவுச் சத்தத்தை அடக்குவதோடு எங்கள் வேலை முடிந்தது; அதற்கப்புறம் காருக்குள் என்ன கேட்டாலும் அதற்குக் கடை பொறுப்பல்ல.